அபூர்வமா, அழகா: எந்த நாணயத்துக்குப் பணம் கொடுப்பது?

ஏலப் பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு நாணயங்கள் வருகின்றன. கேட்கிற விலை ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாணயம் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்ட வகை. ஆனால் இந்த ஒன்று புழக்கத்துக்கே போகவில்லை. அச்சில் வெட்டிய ஒவ்வொரு கோடும் அப்படியே நிற்கிறது. இரண்டாவது, உலகத்திலேயே சில பத்துகள்தான் மிஞ்சியிருப்பதாகச் சொல்லப்படும் வகை. முகம் தேய்ந்து, எழுத்து பாதி மங்கி, விளிம்பில் ஓர் அடியும் வாங்கியிருக்கிறது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. எதை எடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் நன்றாகப் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு வகையில் மட்டும் அபூர்வத்துக்குப் பணம் கொடுக்கலாம். மற்ற எல்லா இடத்திலும் அழகுக்கே கொடுக்க வேண்டும். ஒரு நாணயம் அழகாக இருக்கிறதா என்பதை அதைக் கையில் வைத்துப் பார்த்தே முடிவு செய்துவிடலாம். அது அபூர்வமா என்பதற்கான விடை அந்த நாணயத்தில் இருக்காது. அதோடு பிறந்த மற்றவை எங்கே, எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்ற விவரத்தில் இருக்கிறது. அந்த விவரத்தைப் பெரும்பாலும் விற்கிறவர் சொல்லித்தான் கேட்கிறோம். அதோடு, அது எப்போது வேண்டுமானாலும் மாறிவிடக் கூடும்.

இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மோர்கன் வெள்ளி டாலர் வரிசையில் 1903ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலை அடித்தது 44 லட்சத்து 50 ஆயிரம். அப்படியும் அது அந்த வரிசையின் பெரிய அபூர்வங்களில் ஒன்றாக நெடுங்காலம் மதிக்கப்பட்டது. 1918இல் வந்த பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அந்த உருக்கலில் இவையும் போய்விட்டன என்றே சேகரிப்பாளர்கள் நம்பினார்கள். விலைப் பட்டியல்களும் அந்த நம்பிக்கையின் மேல்தான் விலை போட்டன. 1962ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்கக் கருவூலத்தின் பெட்டகங்களிலிருந்து அதே டாலர், புழக்கத்துக்கே வராத புத்தம் புதிய நிலையில், மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. விலை மளமளவென்று சரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பெரும் பணம் கொடுத்து வாங்கியவரின் டாலரில் புதிதாக ஒரு கீறல்கூட விழவில்லை. அவர் கொடுத்த விலைக்கு ஆதாரமாக இருந்த எண்ணிக்கைதான் போய்விட்டது.

பழங்கால நாணயங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அங்கே பெட்டகத்துக்குப் பதில் மண் இருக்கிறது. ஏதென்ஸ் நகரம் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அடித்த ஆந்தை நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 17 கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள கனமான வெள்ளிக்காசு. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவி, மறுபக்கம் பெரிய கண்களோடு நம்மையே பார்க்கும் ஆந்தை. அண்மைக் காலத்தில் பெரிய புதையல்கள் வெளிவந்ததால் இன்று சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆந்தைக்காக வாங்கியவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. ‘அபூர்வம்’ என்று நம்பி வாங்கியவருக்குத்தான் கஷ்டம்.

அபூர்வம் என்ற சொல்லுக்குள் மூன்று வேறு வேறு எண்கள் ஒளிந்திருக்கின்றன: எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சின, எத்தனை பேர் தேடுகிறார்கள். விற்பனை விளம்பரங்களில் பெரும்பாலும் முதல் எண்தான் வரும், ஏனென்றால் அதுதான் சுலபமாகக் கிடைப்பது. மூன்றிலும் அதற்குத்தான் மதிப்பு குறைவு. 1933ஆம் ஆண்டு அமெரிக்க 20 டாலர் தங்க நாணயம் 4,45,500 அடிக்கப்பட்டது. அந்த ஆண்டுதான் தங்க நாணயப் புழக்கத்தை நிறுத்தினார்கள். அடித்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே உருக்கப்பட்டன. இன்று தனியார் ஒருவர் சட்டப்படி வைத்திருக்கக்கூடியது ஒன்றே ஒன்று. 2021இல் அது 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு விலை போனது. அடித்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அதைச் சாதாரண நாணயம் என்றே சொல்லியிருப்போம்.

மூன்றாவது எண் இன்னும் முக்கியம். 1909இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த லிங்கன் செப்புக் காசு, பின்பக்கத்தில் வடிவமைப்பாளர் விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகளோடு வந்தது, 4,84,000 அடிக்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்குக் கிட்டத்தட்ட! ஆனாலும் அது விலை உயர்ந்த காசு. லிங்கன் காசு சேகரிக்கிற ஒவ்வொருவரின் ஆல்பத்திலும் அதற்கென்று ஓர் ஓட்டை காலியாக இருக்கிறது. அந்த ஓட்டைகளின் எண்ணிக்கை காசுகளின் எண்ணிக்கையைவிடப் பெரியது. இதற்கு நேர்மாறாக, பழைய கிரேக்கச் சிறு நகரங்களின் வெண்கலக் காசுகளில் உலகிலேயே ஐந்தாறு மட்டும் அறியப்பட்டவை பல உண்டு. அவற்றைத் தேடுகிறவர்களும் ஐந்தாறு பேர்தான் என்பதால் விலை மிகக் குறைவு. ‘இது மிகவும் அபூர்வம்’ என்று ஒருவர் சொன்னால், ‘சரி, இதை வேறு யார் தேடுகிறார்கள்?’ என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

மிஞ்சியவற்றைக் கணக்கிட ஒரு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கப் பழைய செப்புக் காசுகளை ஆராய்ந்த வில்லியம் ஷெல்டன் வகுத்தது. அதில் ஆர்-1 என்றால் 1,250க்கு மேல் கிடைப்பது, ஆர்-5 என்றால் 31 முதல் 75 வரை, ஆர்-7 என்றால் 4 முதல் 12 வரை, ஆர்-8 என்றால் ஒன்று முதல் மூன்று. இந்த எண்களைப் பயன்படுத்தி விற்பவர் யாராக இருந்தாலும், அந்தக் கணக்கு எந்த ஆய்விலிருந்து, எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பழைய கணக்கு என்றால், அதற்குப் பிறகு எத்தனை புதையல்கள் கிடைத்தன என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு வகை அபூர்வம் இருக்கிறது. நாணயச்சாலை தானே தீர்மானித்து உண்டாக்குவது. நியுவே, குக் தீவுகள் போன்ற சின்ன நாடுகளின் பெயரில், வண்ணம் பூசி, கல் பதித்து, ‘உலகம் முழுவதும் 500 மட்டும்’ என்று பெட்டியில் போட்டு விற்கப்படும் வெள்ளி நாணயங்கள் இந்த இனம். சொல்லும் எண்ணிக்கை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அத்தனையும் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும், ஒன்றும் தொலையப்போவதில்லை. அடுத்த ஆண்டு வேறு படத்தோடு இன்னொரு 500 வரும். அந்தப் படம் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். 500 என்ற எண்ணுக்காக வாங்க வேண்டாம்.

இப்போது அழகுக்கு வருவோம். இதைப் பேச எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த இடம், மேலே சொன்ன அதே 20 டாலர் தங்க வரிசைதான்.

அமெரிக்க நாணயங்கள் கலையழகே இல்லாமல் இருக்கின்றன என்று வருத்தப்பட்ட அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், பழைய கிரேக்க நாணயங்களைப்போல் உருவங்கள் மேடாக எழுந்து நிற்கும் நாணயம் வேண்டும் என்று சிற்பி அகஸ்டஸ் செயின்ட் கவுடன்ஸிடம் கேட்டார். சிற்பி செய்து தந்தது, கையில் தீப்பந்தமும் ஆலிவ் கிளையும் ஏந்தி, கதிர்களுக்கு முன்னால் நம்மை நோக்கி நடந்து வரும் சுதந்திர தேவி. மறுபக்கம் உதயசூரியனுக்கு மேல் பறக்கும் கழுகு. ஆனால் அந்த மேட்டை உலோகத்தில் கொண்டுவருவது பெரும்பாடாக இருந்தது. சாதாரண நாணயத்துக்கு அச்சின் ஒரே அடி போதும். முதல் சோதனைக் காசுகளுக்கு ஒன்பது அடி வரை தேவைப்பட்டது. பிறகு மேட்டைச் சற்றுக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று அடி கொடுத்து, 1907இல் சுமார் 12,000 நாணயங்களை அடித்தார்கள். ஆண்டுகூட ரோமன் எண்களில் இருக்கும். சிற்பி அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார்; தன் நாணயம் மக்கள் கைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் உருவத்தைத் தட்டையாக்கி, ஒரே அடியில் வரும்படி மாற்றிவிட்டார்.

இந்த ஒரே வரிசையில் மூன்று நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, 1907இன் மேடான நாணயம். அழகு என்று தெரிந்து மக்கள் அப்போதே எடுத்து வைத்துக்கொண்டதால் ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்கிறது. ஆகவே பெரிய அபூர்வம் இல்லை, ஆனாலும் விலை எப்போதும் உயரத்தில் நிற்கிறது. இரண்டாவது, 1927இல் டென்வரில் அடித்தது. அடித்தவை 1 லட்சத்து 80 ஆயிரம், உருக்கலில் தப்பியவை ஏறக்குறைய ஒரு டஜன். விலை நம்மில் யாருக்கும் எட்டாது. மூன்றாவது, 1924இல் பிலடெல்ஃபியாவில் அடித்தது. 40 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டு, ஏராளமாக மிஞ்சி, தங்கத்தின் மதிப்பை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் கையில் கொடுத்துத் தேதியையும், தேதிக்கு மேல் இருக்கும் சின்ன ‘டி’ எழுத்தையும் மறைத்துவிட்டால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. முதலாவதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடலாம். 1927 டென்வர் நாணயத்துக்குக் கொடுக்கும் பணம் முழுக்க ஒரு எழுத்துக்கும் ஒரு கதைக்கும் போகிறது. 1907க்குக் கொடுப்பது உலோகத்தில் எழுந்து நிற்கும் ஒரு சிற்பத்துக்கு. இந்த வரிசையை நேசிக்கிற யாரும் 1924ஐ நல்ல நிலையில் வாங்கி நிம்மதியாக இருக்கலாம் என்பேன். அதே தேவிதான், அதே கழுகுதான்.

அழகு என்றால் வடிவமைப்பு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகளில் ஒன்று அழகாகவும் மற்றது சோர்ந்தும் இருக்கும். அடி முழுமையாக விழுந்ததா என்பது முதல் விஷயம்: உருவத்தின் மிக உயரமான இடத்தில், தலைமுடியிலோ கழுகின் மார்பிலோ, நுணுக்கம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வழவழப்பாக இருந்தால் அது தேய்மானமாகவும் இருக்கலாம், மென்மையான அடியாகவும் இருக்கலாம். மினுமினுப்பு இருந்து நுணுக்கம் இல்லையென்றால் அடி மென்மை. இரண்டும் இல்லையென்றால் தேய்மானம். அடுத்தது அந்த மினுமினுப்பு. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளை விட்டுச் செல்கிறது. ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்தால், ஒளிக்கற்றைகள் சக்கர ஆரங்களாகச் சுழலும். சேகரிப்பாளர்கள் கார்ட்வீல் என்று சொல்வது இதைத்தான். நாணயத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தால் முதலில் சாவது இந்தக் கோடுகள். பிறகு காசு பளபளக்கும், ஆனால் ஒளி சுழலாது. ஒருமுறை போனால் எந்த வழியிலும் திரும்ப வராது. இதனால்தான் பழைய வெள்ளியைப் பல்பொடி போட்டுத் தேய்க்காதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளி ஆண்டுக்கணக்கில் காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து மெல்லிய படலம் போர்த்திக்கொள்ளும். படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், செம்மை, நீலம் என்று நிறம் மாறும். டோனிங் என்று சொல்லும் இது இயற்கையாக வந்திருந்தால் நாணயத்தின் அழகைப் பல மடங்காக்கும். அதனால் ரசாயனம் வைத்துச் சில மணி நேரத்தில் நிறமேற்றி விற்பவர்களும் உண்டு. இயற்கையான நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் படிப்படியாக மாறும், அடியில் ஒளி சுழல்வதும் தெரியும். செயற்கை நிறம் திட்டுத் திட்டாக, முரட்டுத்தனமாக, மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தை மட்டும் நம்பி வாங்கும்போது, நாணயத்தைச் சாய்த்து எடுத்த வீடியோ ஒன்று கேளுங்கள். நல்ல டீலர் மறுக்க மாட்டார்.

தரச் சான்று நிறுவனங்கள், 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி போன்றவை, இதே ஷெல்டன் வகுத்த இன்னொரு அளவுகோலைத்தான் பயன்படுத்துகின்றன: 1 முதல் 70 வரை. அந்த எண் நாணயம் எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்று சொல்லும். அதுவும் தேவைதான். ஆனால் 65 என்ற ஒரே எண் போட்ட இரண்டு காசுகளில் ஒன்று மனத்தை அள்ளும், மற்றது அலுப்பாக இருக்கும். ஒரு சாதாரண காசின் 67க்கும் 65க்கும் விலையில் பெரிய பள்ளம் இருக்கலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாமலும் போகலாம். இங்கேயும் அபூர்வம்தான் வேறு பெயரில் வந்து நிற்கிறது: ‘இந்த நிலையில் இதுவே அபூர்வம்’ என்பார்கள். அந்த அபூர்வம் இதுவரை யார் எத்தனை காசுகளைச் சான்றுக்கு அனுப்பினார்கள் என்பதைப் பொறுத்தது. நாளைக்கு இன்னும் நூறு பேர் அனுப்பினால் கணக்கு மாறும்.

அழகைத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அயர்லாந்தின் 1928ஆம் ஆண்டு வரிசையை. விடுதலை பெற்ற நாடு தன் முதல் நாணயங்களுக்காகக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு தேர்ந்தெடுத்தது பெர்சி மெட்காஃப் என்ற ஆங்கிலச் சிற்பியின் விலங்குகளை. அரை கிரவுனில் குதிரை, ஃபுளோரினில் சால்மன் மீன், ஷில்லிங்கில் காளை, ஆறு பென்ஸில் வேட்டைநாய், மூன்று பென்ஸில் முயல், பென்னியில் குஞ்சுகளோடு கோழி, அரை பென்னியில் குட்டிகளோடு பன்றி, ஃபார்திங்கில் ஒரு பறவை. ஒரு கோடுகூட அதிகம் இல்லை. முழு வரிசையையும் கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் நல்ல நிலையில் சேர்த்துவிடலாம், எவரையும் கடனாளியாக்காது. இதே வரிசையில்தான் அபூர்வமும் இருக்கிறது. 1943ஆம் ஆண்டு ஃபுளோரினும் அரை கிரவுனும் வெளியிடப்படாமலே பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டன. தப்பியவை மிகச் சிலவே. அந்த ஃபுளோரினில் நீந்துவதும் அதே சால்மன்தான். வரிசையை ஆண்டு வாரியாக முடிக்கிற பிடிவாதம் உள்ளவருக்கு 1943 வேண்டும். மீனுக்காக வருகிறவருக்கு வேண்டாம். இரண்டு பேருமே நேர்மையான சேகரிப்பாளர்கள்தான். தான் எந்த ஆள் என்று தெரியாமல் 1943ஐ வாங்குவதுதான் தப்பு.

இரண்டும் ஒன்றாகச் சேரும் நாணயங்களும் உண்டு. வில்லியம் வையன் செதுக்கிய 1839ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஐந்து பவுண்டு தங்க நாணயத்தில் இளம் விக்டோரியா ராணி சிங்கம் ஒன்றை வழிநடத்திச் செல்கிறாள். அடித்தவை சுமார் 400 என்று கணக்கு. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1618 முதல் மாதப் பெயருக்குப் பதிலாக அந்த மாதத்துக்குரிய ராசியின் உருவத்தைப் பொறித்து மொஹர் என்ற தங்கக் காசும் வெள்ளி ரூபாயும் அடிக்கச் செய்தார். பாய்கிற மேஷமும் கதிர் பரப்பும் சூரியனும் அந்தக் காசுகளில் உயிரோடு இருக்கின்றன. கி.மு. 5ஆம் நூற்றாண்டு முடிவில் சிரகூஸ் நகரத்தின் பத்து டிராக்மா வெள்ளியில், டால்ஃபின்கள் சூழ்ந்த நீர்த்தேவதை அரெத்தூசாவின் முகத்தைச் செதுக்கிய கிமோனும் எவாய்னெட்டோஸும் தங்கள் பெயரையே அச்சில் பொறித்துவிட்டுப் போனார்கள். இப்படிப்பட்டவை கிடைத்தால் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். யோசிக்கத்தான் வேண்டும். அழகும் அபூர்வமும் சேருகிற இடத்தில்தான் போலிகளும் வந்து குவியும். ஜஹாங்கீரின் ராசி நாணயங்களுக்கு நூற்றாண்டுகளாகவே நகல்கள் இருக்கின்றன. நம்பகமான சான்றும், பழைய ஏலங்களில் இடம்பெற்ற வரலாறும் இல்லாமல் இவற்றின் பக்கம் போகவே கூடாது.

இதுவரை அழகின் பக்கமே பேசினேன். ஆனால் அழகு தோற்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. 1980களின் நடுவில், நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு செப்புக் காசில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயரைப் படித்தார். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் கோடுகளாகக் குறுகிய மீன் சின்னம். சிறியது, சதுரமானது, கறுத்துத் தேய்ந்தது. ஏல அரங்கில் எவரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் சங்கப் பாடல்களில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாண்டியப் பெயர், அந்தப் பாண்டியர்களே வெளியிட்ட காசில் எழுத்தாக நின்றது. அதேபோல், இந்தியாவின் வடமேற்கில் ஆண்ட இந்தோ-கிரேக்க அரசர்களில் பலர் இருந்தார்கள் என்பதற்கே அவர்களுடைய நாணயங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இங்கே அபூர்வம் என்பது சந்தை எண்ணிக்கை இல்லை, அறிவின் எண்ணிக்கை. இந்த வகைக் காசுகளைப் படிக்கத் தெரிந்தவர், எழுத்துகளை அடையாளம் காணத் தெரிந்தவர், தேய்ந்ததையும் உடைந்ததையும் வாங்கட்டும். ஒரு எழுத்து அதிகமாகத் தெரியும் காசுக்காக அழகான பத்துக் காசுகளை விட்டுக்கொடுத்தாலும் சரிதான். நான் முதலில் சொன்ன ‘நன்றாகப் படித்துத் தெரிந்துகொண்ட வகை’ என்பதன் முழு அர்த்தமும் இதுதான்.

கதைக்காக வாங்குவதும் இதற்குப் பக்கத்து வீடுதான். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு வந்த இந்திய ரூபாயில், அவர் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. அந்த ரூபாயைத் திரும்பப் பெற்று, பெரும்பகுதியை உருக்கி, 1912இல் யானையின் தும்பிக்கையைத் திருத்தி வெளியிட்டார்கள். இரண்டு ரூபாய்களையும் லென்ஸ் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில் இருக்கும் சுவாரசியத்தை விலைப் பட்டியலால் அளக்க முடியாது. இப்படிப்பட்ட அபூர்வம் கண்ணுக்கும் தெரிகிறது, காரணமும் தெரிகிறது. அதற்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பதில் தப்பில்லை.

அழகுக்கு ஒரு பலவீனம் உண்டு, அது கெட்டுப்போகும். அபூர்வக் காசு கீழே விழுந்து அடிபட்டாலும் அபூர்வமாகவே இருக்கும், மதிப்பில் ஒரு பங்கு மட்டும் போகும். செப்புக் காசின் செக்கச்செவேல் நிறம் ஈரமான அறையில் சில வருடங்களிலேயே பழுப்பாகிவிடும். பிவிசி கலந்த மலிவான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பைக் காசின் மேல் கக்கும். அழகுக்குப் பணம் கொடுப்பவர் அதைக் காப்பாற்றும் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்: பிவிசி இல்லாத உறை, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கும் பழக்கம். சேமிப்பில் அக்கறை இல்லாதவர் செம்பை விட்டுத் தங்கத்துக்கோ, பழுப்பேறி நிலைத்துவிட்ட பழைய வெண்கலத்துக்கோ போவது நல்லது.

விற்கும்போது எது கைகொடுக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. தேடுகிறவர்கள் அதிகமுள்ள அபூர்வக் காசு சீக்கிரம் விலை போகும், இது உண்மை. தேடுகிறவர்கள் இல்லாத அபூர்வக் காசு வருடக்கணக்கில் காத்திருக்கும். நல்ல நிலையிலுள்ள அழகான சாதாரணக் காசு எப்போதும் போகும், ஆனால் டீலரின் லாபத்தை நாம்தான் சுமக்க வேண்டியிருக்கும். லாபத்தை மட்டும் நினைத்து நாணயம் வாங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஆனாலும் விற்க நேரிடலாம் என்று நினைப்பவர், ஒரு வரிசையின் மிக அபூர்வமான காசை மோசமான நிலையில் வாங்குவதைவிட, அதே வரிசையில் ஓரளவு அபூர்வமான ஒன்றைக் கண்ணுக்கு நிறைவான நிலையில் வாங்கலாம். ஓட்டை விழுந்த, சுரண்டிய, மோதிரத்தில் பற்றவைத்து எடுத்த காசுகள் ‘அபூர்வம், ஆகவே விலை குறைவாகக் கிடைக்கிறது’ என்று வரும். அடுத்து வாங்குகிறவரும் அதே விலைக்குறைப்பைக் கேட்பார் என்பதை நினைவில் வையுங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர் முதல் ஒரு வருடம் அழகுக்கு மட்டும் வாங்கட்டும். அதிலேயே கண் பழகும்; தேய்மானம், அடி, மினுமினுப்பு, நிறம் எல்லாம் தானாகப் பிடிபடும். ஏதாவது ஒரு வகை மனத்தை இழுத்தால், அதைப் பற்றிய ஆய்வுகளையும் பழைய ஏலப் பட்டியல்களையும் படிக்கத் தொடங்கலாம். ஒரு காசை மேசையில் வைத்தவுடன், இது எந்த அச்சு, இதுபோல் இன்னும் எத்தனை அறியப்பட்டிருக்கின்றன, கடைசியாக எப்போது ஏலத்துக்கு வந்தது என்று விற்பவரைக் கேட்காமலே சொல்ல முடிகிற நாளில் அபூர்வத்துக்குப் பணத்தை எடுக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது இரண்டு தரப்புக்கும் பொது. ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் அந்தக் கொலையைக் கொண்டாடி அடித்த நாணயத்தில் இரண்டு குத்துவாள்களும் அவற்றுக்கு நடுவில் ஒரு தொப்பியும் இருக்கும். வெள்ளியில் நூறு அளவில் மிஞ்சியிருக்கிறது, தங்கத்தில் மூன்று. அந்த மூன்றில் ஒன்று 2020இல் லண்டனில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. அதன் பூர்வீகம் பற்றிக் கொடுத்த ஆவணங்கள் பொய் என்று பின்னர் தெரியவந்து, 2023இல் அது கிரீஸ் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அழகும் இருந்தது, அபூர்வமும் இருந்தது, வரலாறும் இருந்தது. ஆகவே பழங்கால நாணயம் எதுவாக இருந்தாலும், எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்ற காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். அவற்றில் உள்ள ஏலத் தேதிகளைப் பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு பணத்தைக் கொடுங்கள்.